பல்லும் பணியும்: விமானப் பணிப்பெண்களுக்கு வகுத்த தோற்ற விதிகள்

தமிழில் 'பல்லைக் காட்டுவது' என்பது நல்ல வார்த்தை அல்ல. கடன் கேட்டு நிற்கிறவன் பல்லைக் காட்டுவான். மட்டமான சரக்கு நாலே நாளில் பல்லிளிக்கும். பெண்பிள்ளைகள் உரக்கச் சிரித்தால் "என்னடி பல்லைக் காட்டிக்கிட்டு!" என்று பாட்டிமார் அதட்டியதை என் வயதுக்காரர்கள் எல்லோரும் கேட்டிருப்போம். அந்தப் பாட்டியின் கொள்ளுப்பேத்தி இன்று விமான நிறுவனத்தின் நேர்முகத் தேர்வுக்குப் போகிறாள். அங்கே சிரித்துக் காட்டச் சொல்லுகிறார்கள். பல் வரிசை சரியில்லை என்றால் சரிசெய்துகொண்டு வரச் சொல்லுகிறார்கள்.

இந்த எதிர்பார்ப்பு எங்கிருந்து வந்தது? அதில் பணிக்குத் தேவையானது எவ்வளவு, வெறும் பழக்கம் எவ்வளவு? இதை வரலாற்றை வைத்து எடைபோட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நான் பாத்திர வியாபாரி. பல் வைத்தியத்திலோ சட்டத்திலோ பட்டம் பெற்றவன் அல்லன். கடை மூடிய பிறகு படித்தவற்றைத் தொகுத்துத் தருகிறேன்.

வெள்ளைப் பல் எப்போதும் அழகா?

பல்லைச் சீர் செய்யும் கலை மிகப் பழமையானது. பலுசிஸ்தானத்தில் உள்ள மெஹர்கர் என்னும் இடத்தில் 7,500 முதல் 9,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட இடுகாட்டில், துளையிடப்பட்ட 11 கடைவாய்ப் பற்கள் கிடைத்தன. இச்செய்தி 2006ல் வெளியானது. கடைவாய்ப் பல் சிரித்தாலும் வெளியே தெரியாது. ஆகவே அந்த வேலை அழகுக்காகச் செய்ததாக இருக்க முடியாது.

அழகு என்ற அளவுகோலோ இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. ஜப்பானில் மணமான பெண்களும் பிரபுக்களும் பல்லைக் கருப்பாக்கிக்கொள்வது பெருமையாக இருந்தது. 1870ல் அரசு பிரபுக்களுக்கு அதைத் தடை செய்தது. 1873ல் அந்நாட்டு அரசியே வெள்ளைப் பல்லோடு வெளியே வந்த பிறகு வழக்கம் மெல்ல மறைந்தது. நம் நாட்டிலும் லக்னோ முதலிய வட இந்திய நகரங்களில் 'மிஸ்ஸி' என்ற கரும்பொடியை ஈறிலும் பல்லிடுக்கிலும் தேய்ப்பது அலங்காரமாக இருந்தது. நம் ஊரில் வெற்றிலைச் சிவப்பு ஏறிய வாய்தான் கல்யாண வீட்டுக் களை. தெத்துப்பல் இருந்தால் அதிர்ஷ்டம் என்று சொன்னதும் நம்மவர்தான்.

சமண மரபில் இதற்கு நேர் எதிரான ஒரு நிலை உண்டு. திகம்பர முனிவர்களுக்கு விதித்த 28 மூலகுணங்களில் பல் துலக்காமை ஒன்று. குளிக்காமை, தரையில் படுத்தல் இவற்றோடு சேர்த்து அது சொல்லப்படுகிறது. உடம்பை அழகுபடுத்தும் எண்ணமே பற்று என்பது அதன் கருத்து. ஆனால் அது துறவிக்கு உள்ள விதி. இல்லறத்தானுக்கு அல்ல. சம்பாதித்துக் குடும்பம் நடத்துகிறவன் நாலு பேர் முன் துப்புரவாக நிற்கத்தான் வேண்டும். எவ்வளவு வரைக்கும் என்பதுதான் கேள்வி.

முதலில் வந்தவர்கள் தாதியர்

1930 மே மாதம் அமெரிக்காவில் போயிங் ஏர் டிரான்ஸ்போர்ட் நிறுவனத்தின் விமானத்தில் எல்லன் சர்ச் என்ற பெண் பணிக்கு ஏறினார். உலகின் முதல் விமானப் பணிப்பெண் அவரே. அவரையும் சேர்த்து நியமிக்கப்பட்ட எட்டுப் பேரும் பயிற்சி பெற்ற தாதியர். விமானப் பயணம் என்றாலே ஜனங்கள் பயந்த காலம் அது. தாதி கூட இருந்தால் தைரியம் வரும் என்று கணக்குப் போட்டார்கள். வயது 25க்குள், உயரம் 5 அடி 4 அங்குலத்துக்குள், எடை 115 பவுண்டுக்குள், மணமாகாதவர் என்று நிபந்தனைகள் இருந்தன. விமானம் சிறியது, கூரை தாழ்ந்தது, ஏற்றும் எடை ஒவ்வொன்றும் கணக்கு. ஆகவே உயரத்துக்கும் எடைக்கும் ஒரு காரணம் சொல்ல முடிந்தது. மணமாகாதவராக இருக்க வேண்டும் என்பதற்கு விமானத்தில் என்ன காரணம்? ஒன்றும் கிடையாது.

பின்னால் விமானம் பெரிதாயிற்று. காரணம் போய்விட்டது, விதி மட்டும் தங்கிவிட்டது. தாதிப் படிப்பு என்ற தகுதி கழன்று, இளமையும் எழிலும் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தன.

46ஆம் விதி

டாட்டா விமான நிறுவனம் 1932ல் தொடங்கி, 1946ல் ஏர் இந்தியா ஆகி, 1953ல் அரசுடைமை ஆன கதை நம் மும்பைத் தமிழர் பலருக்கும் தெரியும். அந்த நிறுவனத்தின் பணி விதிகளில் 46ஆம் விதி என்று ஒன்று இருந்தது. பணிப்பெண்ணுக்கு ஓய்வு வயது 35. சேர்ந்த நான்கு ஆண்டுக்குள் கல்யாணம் செய்தால் வேலை போகும். முதல் முறை கருவுற்றாலும் வேலை போகும். 35க்கு மேல் நீட்டிப்பது நிர்வாக இயக்குநர் மனம் வைத்தால்தான். அதே விமானத்தில் கூடவே பறந்த ஆண் பணியாளருக்கு ஓய்வு வயது 58!

நர்கேஷ் மீர்சா என்பவரும் உடன் பணிபுரிந்தோரும் வழக்குத் தொடுத்தார்கள். 1981 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அமர்வில் இருந்த மூன்று நீதிபதிகளில் ஒருவர் நம் தமிழகத்தைச் சேர்ந்த ஏ. வரதராஜன். கருவுற்றால் நீக்குவது கொடுமை என்று கூறி அதை நீதிமன்றம் அடித்துவிட்டது. இயக்குநரின் தன்னிச்சையான அதிகாரத்தையும் நீக்கியது. இளமையும் கவர்ச்சியும் உள்ளவர்தாம் பயணிகளைச் சமாளிக்க முடியும் என்ற வாதத்தையும் ஏற்கவில்லை. ஆனால் நான்கு ஆண்டுக் கல்யாணத் தடையை நியாயம் என்றே விட்டுவிட்டது. பாதிக்கிணறு தாண்டிய கதைதான்.

மீதிக் கிணற்றைத் தாண்ட இன்னும் முப்பது வருஷம் ஆயிற்று. 1989ல் மத்திய அரசு ஓய்வு வயதை 58 ஆக்கியது. ஆயினும் 50க்கு மேல் பெண்களைத் தரைப் பணிக்கு இறக்கினார்கள். 2003ல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. அந்த ஆண்டு முடிவதற்குள் அரசே வேறு உத்தரவு போட்டு, பெண்களும் 58 வரை பறக்க வழி செய்தது. விமானத்துக்குள் மேற்பார்வையாளர் பதவி பெண்களுக்கும் உண்டு என்பதை 2011ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இத்தனை சண்டையும் எதனால் நடக்க முடிந்தது? விதி அச்சில் இருந்தது. அதற்கு எண் இருந்தது. 46 என்று சுட்டிக்காட்டி நீதிபதி முன் வைக்க முடிந்தது.

சிரிப்பு சரக்கான கதை

போட்டி மிகுந்தபோது விமான நிறுவனங்கள் சிரிப்பை விற்கத் தொடங்கின. கலிபோர்னியாவில் பசிபிக் சவுத்வெஸ்ட் என்ற நிறுவனம் விமானத்தின் மூக்குக்குக் கீழே புன்னகை ஒன்றை வரைந்தே பறக்கவிட்டது. உள்ளத்தில் இல்லாமல் உதட்டளவில் சிரிப்பதற்கு மனநூலார் வைத்த பெயர் 'பான் ஆம் புன்னகை'. அந்தப் பெயரும் விமான நிறுவனத்திடமிருந்து வந்ததே. ஆர்லி ஹாக்ஷீல்ட் என்ற சமூகவியல் அறிஞர் டெல்டா நிறுவனத்துப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983ல் நூல் எழுதினார். சம்பளத்துக்காக உணர்ச்சியை வரவழைத்துக் காட்டுவதும் ஓர் உழைப்பே என்றார். உண்மைதானே? கடையில் உட்கார்ந்து நாள் முழுக்கச் சிரித்த முகத்தோடு பேரம் பேசினவனுக்கு அந்த அலுப்பு தெரியும்.

சிரிப்பு சரக்கானதும் அதன் பொட்டலமாகிய பல்லுக்கும் மெருகு தேவைப்பட்டது. ஹாலிவுட்டில் சார்லஸ் பிங்கஸ் என்ற பல் மருத்துவர் நடிகர்களின் பல் மேல் படப்பிடிப்புக்காக மட்டும் மெல்லிய உறை ஒட்டிவிட்டார். சாயங்காலம் கழற்றிவிட வேண்டியதுதான். 1955ல் மைக்கேல் புவனகோர், பல்லின் மேற்பூச்சை அமிலத்தால் சொரசொரப்பாக்கினால் ஒட்டவைத்தது நிலைத்து நிற்கும் என்று கண்டார். 1980களின் தொடக்கத்தில் பீங்கான் உறையை நிரந்தரமாக ஒட்டும் முறை வந்தது. 1989ல் வீட்டிலேயே அச்சு மாட்டிப் பல்லை வெளுக்கும் முறையும் வெளியாயிற்று. நடிகருக்கென்று பிறந்த வித்தை இப்படித்தான் தெருமுனை மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தது.

நம் நாட்டில் 1994ல் சட்டம் மாறித் தனியார் விமானங்களுக்கு வழி திறந்தது. 2003 முதல் 2006க்குள் ஏர் டெக்கான், கிங்ஃபிஷர், ஸ்பைஸ்ஜெட், இண்டிகோ என்று வரிசையாக வந்தன. பயிற்சி நிலையங்களும் பெருகின. அதுவரை நம் வீடுகளில் யாரும் எண்ணிப் பார்க்காத வேலைக்கு நம் பெண்களும் விண்ணப்பிக்கத் தொடங்கினார்கள்.

தண்ணீர் எழுதிய கறை

பல்லில் கறை இருந்தால் ஒழுங்காகத் துலக்கவில்லை என்று எண்ணுகிறோம். எல்லாக் கறையும் அப்படி அல்ல. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்திருந்தால், அதைக் குடித்து வளரும் குழந்தையின் பல்லில் பழுப்புப் புள்ளி விழும். அமெரிக்காவில் 1901ல் ஃபிரெடரிக் மெக்கே இக்கறையை ஆராயத் தொடங்கினார். 1931ல்தான் காரணம் ஃப்ளோரைடு என்று தெரிந்தது. இந்தியாவில் இந்நோயை முதலில் எடுத்துரைத்த 1937ஆம் ஆண்டு அறிக்கை நம் பழைய சென்னை மாகாணத்தைப் பற்றியதே. நெல்லூர்ப் பக்கத்துக் கிராமங்களில் அது கண்டறியப்பட்டது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் இதில் நெடுநாள் வாடின. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2008ல் அடிக்கல் நாட்டப்பட்டு 2013ல் தொடங்கிவைக்கப்பட்டது.

எங்கள் பகுதியில் தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் இருக்கிறது. மகள் எட்டு வயது வரை ஊரில் தாத்தா வீட்டில் ஆழ்குழாய்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவள். விமான நிறுவனம் ஒன்றின் தேர்வில் எழுத்தும் உரையாடலும் முடிந்து கடைசிச் சுற்று வரை போனாள். அங்கே வாய்மொழியாக, "முன்பல்லைச் சரி பண்ணிட்டு அடுத்த தடவை வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். தகப்பனார் வளையலை அடகு வைத்து ஆறு பல்லுக்கு உறை போடுவது என்று முடிவே கட்டிவிட்டார். "ஐயா, நாலு புத்தகம் படிச்சவரு நீங்க, என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்.

"அவங்க சொன்னதை எழுத்துல கேட்டுப் பாருங்க" என்றேன்.

அந்தப் பெண் கடிதம் எழுதிக் கேட்டாள். பல்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல், தேர்வாகவில்லை என்று மட்டும் பதில் வந்தது. விளம்பரத்தை எடுத்துப் பார்த்தோம். 'இனிய தோற்றம்' என்று இருந்தது, அவ்வளவுதான். 46ஆம் விதியை எதிர்த்து வழக்குப் போடலாம். 'இனிய தோற்றம்' என்ற இரண்டு சொல்லை எதிர்த்து எந்த நீதிமன்றத்துக்குப் போவது? ரசீதில் இல்லாத விலையை வாயால் சொல்லி வாங்குகிற வியாபாரம் இது.

ஆரோக்கியம் வேறு, வரிசை வேறு

விமானப் பணிக்குப் பல் முக்கியமே இல்லையா என்றால், முக்கியம்தான். பறக்கும்போது பயணிகள் அறையில் உள்ள காற்றழுத்தம் 8,000 அடி உயரமுள்ள மலையில் இருப்பதற்குச் சமமாகக் குறையலாம். உதகமண்டலத்தை விடச் சற்று அதிக உயரம். சொத்தைப் பல்லிலோ சரியாக அடைக்காத பல்லிலோ சிக்கிய காற்று அப்போது விரியும், பல்வலி கடுமையாக வரும். இரண்டாம் உலகப்போர் விமானிகளிடமே இதைக் கண்டார்கள். ஆகவே சொத்தையைப் பார், ஈறைப் பார் என்றால் அது நியாயமான விதி. இரு முன்பல்லுக்கு நடுவே சந்து இருப்பதாலோ பழுப்புப் புள்ளி இருப்பதாலோ ஒரு வலியும் வராது.

கை எட்டும் உயரம் கேட்பதற்கும் காரணம் உண்டு. மேலறையில் உள்ள பாதுகாப்புக் கருவியை எடுக்க வேண்டும். நம் நாட்டு விதிப்படி 50 இருக்கைக்கு ஒரு பணியாளர் இருக்க வேண்டும் என்பது சாப்பாடு பரிமாற அல்ல, ஆபத்தில் ஜனங்களை வெளியேற்ற. 1986 செப்டம்பர் 5ஆம் தேதி, நம் மும்பையிலிருந்து கிளம்பிய பான் ஆம் விமானத்தைக் கராச்சியில் கடத்தியபோது, பயணிகளைக் காப்பாற்றித் தன் உயிரைக் கொடுத்தவர் நீர்ஜா பனோட். 23 வயது நிறைய இரண்டு நாள் இருந்தது. அசோக சக்கரம் பெற்றார். விளம்பர அழகியாகவும் இருந்தவர்தான். ஆனால் அன்று கதவைத் திறந்து பிள்ளைகளை வெளியே அனுப்பியது அந்த அழகு அல்ல, பயிற்சியும் நெஞ்சுரமும்.

பெற்றோர் கவனத்துக்குச் சில செய்திகள். கம்பி கட்டிப் பல்லை நேராக்க ஒன்றரை, இரண்டு வருஷம் ஆகும். பல்லைச் செதுக்க வேண்டியதில்லை. பீங்கான் உறைக்குப் பெரும்பாலும் பல்லின் மேற்பூச்சைச் சீவ வேண்டும். சீவியது திரும்ப வளராது. உறையும் ஆயுளுக்கு நிற்பதில்லை, பத்துப் பதினைந்து வருஷத்தில் மாற்ற நேரும். இருபது வயதில் போட்டால் எழுபதுக்குள் எத்தனை முறை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஃப்ளோரைடு கறை லேசானதாக இருந்தால் மேலாக மெருகிட்டும் வெளுத்தும் குறைக்க முடியும். மேலே சொன்ன பெண்ணுக்கு அரசு பல் மருத்துவமனையில் அவ்வளவே செய்தார்கள். வளையல் அடகுக்குப் போகவில்லை. அவள் இப்போது விமான நிலையத்தில் தரைப் பணியில் இருக்கிறாள். பறக்கும் ஆசையையும் விடவில்லை.

தோற்ற விதிகள் ஓயவில்லை. எடை கூடியதற்காக 2009ல் பணிப்பெண்கள் வேலை இழந்தார்கள். ஏர் இந்தியா 2022ல் மீண்டும் டாட்டாவிடம் போன பிறகு, நரைக்குச் சாயம் பூச வேண்டும் என்ற கையேடு செய்தியானது. ஆனால் கையேட்டில் வந்தது பரவாயில்லை என்பேன். அச்சில் வந்த விதியை அடுத்த தலைமுறை எதிர்த்து வாதாடும். கல்யாணமும் கருவும் குற்றம் என்று இருந்த விதிகள் அப்படித்தான் ஒழிந்தன. வாய்க்குள் ஒளிந்திருக்கும் விதிதான் மாறாமல் நிற்கும்.

ஆகவே நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பிள்ளைகள் விமானப் பணிக்குப் போகட்டும், தாராளமாகப் போகட்டும். பல் மருத்துவரிடம் போகுமுன் ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள்: இது என் பிள்ளையின் ஆரோக்கியத்துக்கா, யாரோ வாயால் சொன்ன விதிக்கா? இரண்டாவது என்றால், பணத்தை எடுக்குமுன் அந்த விதியை எழுத்தில் கேளுங்கள்.