லயத்துச் சுவரும் தைமாதச் சுண்ணாம்பும்

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மனிதனுக்கு இன்றியமையாதன என்று சிறு வகுப்பிலே படித்திருக்கின்றோம். முதலிரண்டையும்பற்றி நம் மலைநாட்டிற் பேசாதவர் இல்லை. அரிசி விலையும் சம்பளமும் நாள்தோறும் நம் நாவில் இருப்பவை. மூன்றாவதாகிய உறையுளை நம்மவர் எவ்வாறு பேணினர், எவ்வாறு புதுக்கினர், எவ்வாறு அழகுபடுத்தினர் என்பதை எழுதி வைத்தவர்களோ மிகச் சிலர். அரண்மனைச் சுவர்களின் ஓவியங்களை வரலாற்று நூல்கள் விரித்துரைக்கின்றன. 10 அடிக்கு 12 அடியான ஓர் அறையின் சுவருக்கும் வரலாறு உண்டு. அதனை ஒருவாறு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வத்தேகம, பன்வில வழியாக மலையேறி மார்கழிக் கடைசியில் மடுல்கெல்லத் தோட்டங்களுக்கு வருபவர் ஒரு காட்சியைக் காண்பார். லயத்து வாசல்களிலே பாய், பெட்டி, சட்டி, சாமி படம் எல்லாம் வெளியே வந்து வெயில் காயும். பழைய தகரத்திலே சுண்ணாம்பு நீறிக்கொண்டிருக்கும். முழங்கை வரை வெள்ளையான பிள்ளைகள் ஓடித்திரிவார்கள். சென்ற ஆண்டு யானும் விடுமுறைக்கு வீடு வந்து, மட்டையும் கையுமாக நின்றபோது, பக்கத்துக் காம்பராத் தம்பி ஒருவன் கேட்டான்:

“ஏண்ணே, நமக்குச் சொந்தமில்லாத சொவருக்கு எதுக்குண்ணே நாம வெள்ளையடிக்கணும்?”

எனக்கு உடனே விடை தோன்றவில்லை. இஸ்தோப்பில் இருந்த அப்பாயிதான் சொன்னார்: “சொவரு தோட்டத்துதுதான்யா. அதுக்குள்ள இருக்கிற நாம யாரு வீட்டு ஆளுக?”

தம்பியின் கேள்வியும் அப்பாயியின் கேள்வியும் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிய பின்னரும் என்னை விடவில்லை. விடை தேடியே வரலாற்றைப் புரட்டலானேன்.

கோப்பிக் காலம்

கண்டிச் சீமையிலே கோப்பிப் பெருந்தோட்டங்கள் 1820 ஆம் ஆண்டுகளிற் கம்பளைப் பக்கத்தில் ஆரம்பமாயின. பின்பு நக்கிள்ஸ் மலைச்சாரலிலும் காடு வெட்டப்பட்டது. மடுல்கெல்ல, கெலபொக்க என்னும் பெயர்கள் அக்காலத்திலேயே கோப்பித் துரைமாரிடையே வழங்கியவை. இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, மதுரை, சேலம் முதலிய இடங்களிலிருந்து நம் முன்னோர் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தனர். வழியிலே மாண்டவர் தொகை பெரிது.

அவர்கள் தங்கியவை மண்ணும் புல்லுமான குடிசைகள். கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்திலேதான் ஆள் மிகுதியாக வேண்டும். ஆகவே பருவத்துக்கு வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பியவர் பலர். நாலு மாதக் குடிசையைச் சோடிப்பவர் யார்? அவர்களுடைய வீடு கடலுக்கு அப்பால் இருந்தது. அங்கேதான் கோலமும் இருந்தது, சுண்ணாம்பும் இருந்தது.

1869 ஆம் ஆண்டில் கோப்பி இலையிலே ஒரு பூஞ்சண நோய் கண்டது. 20 ஆண்டுகளுக்குள் கோப்பி பெரும்பாலும் அழிந்து போயிற்று. அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1867 இல், ஜேம்ஸ் டெய்லர் என்பவர் ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரிலே தேயிலை நட்டிருந்தார். அந்தச் செடியே நம் தலைவிதியை மாற்றியது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். அதற்குப் பெண்களின் கை வேண்டும். பெண்கள் வந்தால் குடும்பம் வரும். குடும்பம் வந்தால் வீடு வேண்டும். ஆனால் தோட்டத்தார் கட்டியது வீடு அன்று, லயம்.

லயத்தின் அமைப்பு

படைவீரர் தங்கும் பாசறைபோல் வரிசையாக அமைந்த அறைகளே லயம். ஒற்றை லயத்திலே ஒரு வரிசை; இரட்டை லயத்திலே முதுகோடு முதுகு ஒட்டிய இரு வரிசை. அறைக்குக் கதவு ஒன்று, முன்னே ஓர் இஸ்தோப்பு, மேலே தகரக் கூரை. இரட்டை லயத்துக் காம்பராவிலே பின்பக்கச் சன்னலுக்கு வழியே இல்லை. சமையல், படுக்கை, பிள்ளைப்பேறு யாவும் அவ்வொரே அறையில். விறகுப் புகை சுவரிற் படிந்து ஓராண்டிலே கரியாகும். தைமாதச் சுண்ணாம்பு அழகுக்காக மட்டும் ஏற்பட்டதன்று. புகையோடும் ஈரத்தோடும் நடந்த போர் அது.

இங்கிலாந்திலே வில்லியம் மொறிஸ் என்னும் கலைஞர் 1861 இல் நண்பர்களுடன் ஒரு நிறுவனம் தொடங்கி, வீட்டுச் சுவருக்கும் தளபாடத்துக்கும் அழகிய வடிவங்களை உருவாக்கினார். தொழிலாளியின் உழைப்பிலும் இல்லத்திலும் அழகு இருக்கவேண்டும் என்று வாதாடியவர் அவர். நம் இராமநாதபுரச் சீமையிலோ, இலங்கை, பர்மா, மலாயா நாடுகளிற் பொருளீட்டிய செட்டியார்கள், முட்டை வெண்கரு சேர்த்து அரைத்த சுண்ணாம்புச் சாந்தினாற் கண்ணாடிபோற் சுவர்களை மெருகேற்றி, ஆத்தங்குடிக் கற்கள் பதித்த மாளிகைகளை எழுப்பினர். அதே சீமையிலிருந்து அதே கடலைக் கடந்து வந்த ஏழைக்குக் கிடைத்தது 120 சதுர அடி. சுண்ணாம்பு இரண்டு இடத்துக்கும் பொதுவாயிற்று என்பதே ஆறுதல்!

அரசாங்கம் லயங்களின்மீது கண்வைத்தது நோய்க்கு அஞ்சியேயாகும். 1912 ஆம் ஆண்டு மருத்துவத் தேவைகள் சட்டம் லயங்களையும் சுற்றுப்புறத்தையும் தக்க சுகாதார நிலையில் வைத்திருக்கும் கடமையைத் தோட்டத் துரைமார்மீது சுமத்தியது. 1916 இல் அமெரிக்க றொக்பெல்லர் நிறுவனத்தார் கொழுக்கிப் புழுவுக்கு எதிரான இயக்கத்தை மாத்தளைத் தோட்டங்களில் ஆரம்பித்தனர். வெறுங்காலோடு நடக்கும் அழுக்கு மண்ணின் வழியே அந்தப் புழு உடம்பில் ஏறுகிறது. முற்றம் துப்புரவாயிருப்பது அழகு மட்டுமன்று, உயிர் காக்கும் காரியமும் என்பதை அவ்வியக்கம் உணர்த்தியது.

நம்மவர் செய்த அலங்காரம்

லயத்தைக் கட்டியது தோட்டம்; அதனை வீடாக்கியது நம் பெண்கள்.

கண்டி, மாத்தளைப் பகுதிகளிற் சுண்ணாம்புக்கல் கிடைக்கின்றது. அதைச் சூளையிற் சுட்டு, நீர் ஊற்றினால் கொதித்து நீறும். வடிகட்டிய பாலிலே சோற்றுக் கஞ்சியும் ஒரு பிடி உப்பும் சேர்ப்பார்கள். கையிலே ஒட்டாமலிருக்க அது உதவும். வெண்மை எடுப்பாகத் தெரியச் சலவை நீலம் சிறிது கலப்பார்கள். நீலம் கூடினால் அறை நீலமாகும். அதையும் சிலர் விரும்பினர். சுவரின் அடியிலே முழ உயரத்துக்குச் செம்மண் அல்லது காவி. சிங்களக் கிராமத்து அயலாரிடமிருந்து மக்குலு என்னும் வெண்களிமண்ணை வாங்கிப் பூசியவரும் உண்டு. இரு இனத்தாரின் கைப்பழக்கமும் ஒரே சுவரிலே சேர்ந்தது.

பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை உட்கொண்டு மெல்ல மெல்ல மறுபடியும் கல்லாகின்றது என்று இரசாயனம் கூறும். ஆண்டுதோறும் பூசப் பூசச் சுவரின்மேல் ஒரு கல்லேடு வளர்கிறது. எங்கள் காம்பராவில் ஓரிடத்திலே சுண்ணாம்பு பெயர்ந்து விழுந்தபோது அதன் விளிம்பை உற்றுப் பார்த்தேன். வெள்ளை, நீலம், மங்கிய வெள்ளை, மீண்டும் நீலம் என அடுக்கடுக்காக இருந்தது. அப்பாயியின் மாமியார் பூசியதும் அதிலே இருக்கும். நம் குடும்பங்களிலே பிறந்த நாட் பதிவுகூட ஒழுங்காக இல்லாத நிலையில், இதைவிட வேறு ஏடு நமக்கு ஏது?

தரைக்குச் சாணம். வாசலுக்குக் கோலம். விளக்குக்கு ஒரு மாடம். பலகைத் தட்டிலே பித்தளைச் சொம்பும் பீங்கான் கோப்பையும் வரிசையாக இருக்கும். செய்தித்தாளை ஒட்டிச் சுவரின் ஓட்டையை மறைப்பர். எழுத்தறியாத வீட்டுப் பிள்ளைகள் சிலர் முதன்முதல் எழுத்துக் கூட்டிப் படித்தது அச்சுவரிலேதான். சாமி படத்தின் பக்கத்திலே நாட்காட்டித் தலைவர்களும் சினிமா நட்சத்திரங்களும் சமமாக வீற்றிருப்பார்கள்!

இனி வெளிப்புறம். லயத்து வாசலுக்கு எதிரே நாலு முழ நிலம் இருந்தாலும் நம்மவர் விடார். அவரைப் பந்தல், போஞ்சி, கோவா, ஒரு மூலையிலே துளசி. நடுவிலே பூஞ்செடி. டேலியாவைப் பாருங்கள். மெக்சிக்கோவிலே தோன்றி, 18 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவை அடைந்து, வெள்ளைக்காரத் துரைமாரோடு மலைநாட்டுப் பங்களாவுக்கு வந்த செடி அது. பங்களாவிலே பூந்தோட்ட வேலை செய்தவர் மடியிலே ஒரு கிழங்கை முடிந்து கொண்டுவந்து லயத்து வாசலில் நட்டார் என்று எங்கள் பெரியவர்கள் சிரித்தபடி சொல்வார்கள். பங்களாப் பூ லயத்திலும் அதே நிறத்தில் மலர்ந்தது. பூவுக்குத் துரை என்றும் கூலி என்றும் வேற்றுமை தெரியாதன்றோ!

கப்பல் ஏறியவர்கள்

இவ்வாறு வேரூன்றிய காலத்திலேதான் பேரிடி விழுந்தது. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நம்மவரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30 இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 9,75,000 பேரிலே 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் என்று எண்ணிக் கணக்கிட்டார்கள். நம்மை யாரும் கேட்கவில்லை.

அந்த ஆண்டுகளிலே பல காம்பராக்களிற் சுண்ணாம்பு நின்று போயிற்று என்கிறார் அப்பாயி. பாஸ்போர்ட் வரும் நாளை எண்ணிக்கொண்டிருப்பவன் சுவரைப் பார்ப்பானா? கோப்பிக் காலத்துக் குடிசை மனநிலை 100 ஆண்டு கழித்துத் திரும்பி வந்தது.

ஆனால் அப்பாயியின் தமையனார் குடும்பம் புறப்பட்ட விதம் வேறு. தலைமன்னாருக்கு ரயிலேற இரண்டு நாள் இருக்கையில், மதினி பீலியிலிருந்து தண்ணீர் சுமந்து, காம்பரா முழுவதையும் வெள்ளையடித்தாராம். தரையை மெழுகினாராம். விடியற்காலையில் வாசலிற் பெரிய கோலமிட்டு, அதை மிதிக்காமற் சுற்றிக்கொண்டு பெட்டியோடு இறங்கினாராம். “இனி யாரோ இருக்கப்போற எடத்துக்கு ஏன் மதினி?” என்று அப்பாயி அழுதுகொண்டே கேட்டிருக்கிறார். “அழுக்கா விட்டுட்டுப் போனா, இங்கன மனுசரு இருந்தாங்கன்னு யாரு நம்புவா?” என்றாராம் அந்த அம்மாள். அவரை அப்பாயி மறுபடி காணவில்லை.

இன்றைய நிலை

1975 இற் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் நிர்வாகம் மீண்டும் கம்பெனிகளிடம் சென்றது. 2003 ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை தந்தது. தனி வீட்டுத் திட்டங்கள் வந்தன. 7 பேர்ச் காணி என்னும் சொல் நம் காதில் விழுந்தது. 2017 மே மாதத்தில் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். வீடு பெற்றவர் மகிழ்ந்தனர். எனினும் பல்லாயிரம் குடும்பங்கள் இன்றும் லயத்திலேதான் வாழ்கின்றன. வேலை விட்டால் காம்பராவும் போய்விடுமோ என்னும் அச்சம் பல குடும்பங்களைவிட்டு இன்னும் நீங்கவில்லை.

ஆகவே தம்பியின் கேள்வியை அற்பமென்று தள்ளலாகாது. வெடித்த சுவரைச் சுண்ணாம்பு மறைக்கும், தாங்காது. மிஷன் பாடசாலையிலே படித்த நாளில் வேதபாட ஆசிரியர் வெள்ளை பூசிய கல்லறைகளைப்பற்றிய உவமையை விளக்கியது நினைவுக்கு வருகிறது. வெளியே வெண்மை, உள்ளே கேடு. விருந்தினர் வருகைக்காக மட்டும் லயத்தின் முன்புறம் வெள்ளையடிக்கப்படும்போது அவ்வுவமை பொருந்தும். அவ்வெள்ளைக்கு நாம் மயங்கலாகாது.

ஆனால் மதினி அடித்த வெள்ளை அவ்வகையினதன்று. அது கேட்டை மறைக்கப் பூசியதன்று. மானத்தைக் காட்டப் பூசியது. சொந்தமென்று எழுதித் தராத இடத்திலே, “இங்கே மனிதர் வாழ்கின்றனர்” என்று ஆண்டுதோறும் எழுதிய கையொப்பம் அது. உறுதிக்கடதாசி இல்லாதவனுக்கு அவன் பேணிய சுவரே முதற் சாட்சி. இதுவே தம்பிக்கு யான் கண்ட விடை.

வாலிப அங்கத்தவர்களே! வரும் தைக்கு முன் நாம் செய்யக்கூடியவை மூன்று. தனித்திருக்கும் முதியோரின் காம்பராக்களை நாமே கூடி வெள்ளையடித்துக் கொடுப்போம். அடிக்கும்போது அவர்கள் சொல்லும் பழங்கதைகளை ஒரு கொப்பியிலே எழுதிக்கொள்வோம். சுவர் இடிந்தால் கதையும் போய்விடும். மூன்றாவதாக, எந்தக் கையில் மட்டை பிடிக்கிறோமோ அந்தக் கையினாலேயே காணிக்கும் வீட்டுக்கும் உறுதி கேட்டு விண்ணப்பம் எழுதுவோம். ஒன்றைச் செய்து மற்றதை விடுவது போதாது.

பெரியோர்களே! எங்களுக்குச் சொல்லுங்கள். உங்கள் சுவரிலே முதலிற் பூசியவர் யார்? வாசற் பூவை நட்டவர் யார்? நீங்கள் சொன்னால் நாங்கள் எழுதுவோம். நாளை சொந்த வீட்டிலே முதற்சுண்ணாம்பு பூசும் பிள்ளை, அதற்கு அடியிலே எத்தனை அடுக்கு இருக்கிறது என்பதை அறிந்து பூசட்டும்.