ஒரு சர்வர், பல மொழி

எங்கள் கல்லூரி லேபில் ஜூப்பிட்டர்ஹப் நிறுவிப் பராமரிப்பது என் பொறுப்பு. பையன்களுக்கு இது என்றைக்கும் இப்படியே இருந்ததாக நினைப்பு. 2001இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆய்வு மாணவராக இருந்த பெர்னாண்டோ பெரஸ், ஆய்வேட்டை எழுதாமல் தள்ளிப்போட்ட நேரத்தில் தட்டிய 259 வரி நிரலில்தான் இதன் முன்னோடியான ஐபைத்தான் தொடங்கியது. அதில் பிரவுசரில் ஓடும் நோட்புக் வர 2011 டிசம்பர் ஆகிவிட்டது.

என்னைக் கேட்டால், அதற்குச் சற்று முன் நடந்ததுதான் பெரிய காரியம். கணக்குப் போடும் கெர்னலைத் திரையிலிருந்து பிரித்து, இரண்டும் ஜீரோஎம்க்யூ என்ற செய்தி நூலகத்தின் வழியாகச் செய்தி மூலம் பேச வைத்தார்கள். செய்தியின் வடிவம் சரியாக இருந்தால் போதும், கெர்னல் எந்த மொழியென்று நோட்புக் கேட்காது. ஜூலியா, ஆர் போன்ற மொழிகள் நுழைந்தது அந்த வாசலில்தான். 2014இல் மொழி சாராத பகுதிகள் ஜூப்பிட்டர் என்று தனிக்குடித்தனம் போயின.

அடுத்து வந்தது ஜூப்பிட்டர்ஹப். லாகின் சரிபார்த்து ஆளுக்கொரு நோட்புக் சர்வரைக் கிளப்பிவிடும். முன்னால் நிற்கும் ப்ராக்ஸி, 8000ஆம் போர்ட்டுக்கு வருபவரை அவரவர் சர்வருக்கு அனுப்பும். பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டேட்டா 8 என்ற தரவு அறிவியல் வகுப்பு இதில்தான் நடக்கிறது.

ஹப்பில் நிறுவும்போது ஆர் கெர்னலுக்கு மட்டும் கொஞ்சம் குசும்பு. வெறுமனே இன்ஸ்டால்ஸ்பெக் கட்டளை கொடுத்தால், கொடுத்தவரின் ஹோம் டைரக்டரியில் போய் உட்கார்ந்துகொள்ளும். மற்றவர்கள் மெனுவில் தலைகாட்டாது. யூசர் என்ற இடத்தில் ஃபால்ஸ் போட்டு, அட்மின் உரிமையோடு நிறுவினால் எல்லோருக்கும் தெரியும்.