தாழியும் குழாயும்

புறநானூற்றின் 256ஆம் பாடலில், கணவனை இழந்த பெண்ணொருத்தி, தனக்கும் இடம் இருக்குமாறு ஈமத்தாழியை அகலமாக வனையும்படி குயவனை வேண்டுகின்றாள். அத்தகைய தாழிகள் உறங்கும் நிலத்தை இன்று திறப்பவர் பலவேளை அகழாய்வாளர் அல்லர்; குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டும் தொழிலாளரே ஆவர்.

பாலக்காட்டுக் கணவாய் சேரநாட்டையும் கொங்குநாட்டையும் இணைத்த பெருவழி. அதற்குத் தெற்கே, ஆனைமலைக்கு அப்பால், இடுக்கி மாவட்டத்து மறையூரில் 'முனியறை' எனப்படும் பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் பாறைமேல் நிற்கின்றன. மலம்புழை அணைப்பகுதியில் நூற்றுக்கும் மேற்பட்ட பெருங்கற்காலச் சின்னங்களை இந்தியத் தொல்லியல் துறை கண்டறிந்ததாக 2025இல் செய்தி வந்தது. இவை கண்ணுக்குப் புலப்படுபவை. புலப்படாதவற்றின் கதை வேறு. பாரதப்புழையின் கீழ்ப்பகுதியில், குற்றிப்புறம் நாகபறம்பில், குடிநீர்த் திட்டப் பணியின்போதே தொன்மைச் சின்னங்கள் கவனத்துக்கு வந்தன. 2024இல் கேரளத் தொல்லியல் துறை மீட்பு அகழாய்வு செய்து, பல தொப்பிக்கற்களை வெளிக்கொணர்ந்தது.

குழாய்ப் பள்ளம் குறுகியது. ஆயினும் ஊர் முழுவதையும் ஊடறுத்துச் செல்வது. அதன் சுவரில் மண்ணடுக்குகள் தெளிவாகத் தெரியும். நிறம் மாறிய ஒரு திட்டு, பழங்குழி ஒன்றின் எல்லையாகலாம். ஒரு கறுப்பு-சிவப்பு ஓடு எந்த அடுக்கில், எந்த இரும்புக் கருவியின் அருகில் கிடந்தது என்பதே அதன் வரலாறு. இடம் குறிக்காமல் எடுத்துவிட்டால், ஓடு எஞ்சும், வரலாறு எஞ்சாது.

1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கண்டவர் அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும் என விதித்தது. விலையை அளவுகோலாகக் கொண்ட அப்பார்வையில் உடைந்த தாழிக்கு ஏது மதிப்பு? இங்கிலாந்திலோ 1990ஆம் ஆண்டு வந்த திட்டமிடல் வழிகாட்டி, கட்டுமானப் பணிக்கு முன்பே தொல்லியலைக் கருதும் முறையை வலுப்படுத்தியது. மண் வெட்டப்படும்போது அறிஞர் ஒருவர் அருகில் நின்று நோக்குவதும் அங்கு வழக்காயிற்று.

ஊருக்கு நீர் வேண்டும். அதனைத் தடுப்பது நம் நோக்கமன்று. தொன்மை அறியப்பட்ட ஊர்களிலேனும் பள்ளம் தோண்டும் நாளில் பயிற்சி பெற்ற ஒருவர் உடனிருக்கட்டும். ஓடு தென்பட்டதும் கடப்பாரையை நிறுத்தத் தொழிலாளர்க்குச் சொல்லி வைப்போம். அதனால் இழக்கும் வேலைநேரத்துக்கும் கூலி தருவோம். அந்தச் சிறு செலவுக்கு அஞ்சினால், ஒருத்தி கேட்டுப்பெற்ற அகன்ற தாழியை அறியாமலே உடைத்தவர் ஆவோம்.