கப்ரேக்கர் மாறிலி (6174)

நான்கு இலக்க எண்களில் காணப்படும் வியப்பான நிலை எண். மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த த. ரா. கப்ரேக்கர் (1905–1986) கண்டறிந்து, 1949இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில் அறிவித்தார்.

எல்லா இலக்கங்களும் ஒன்றாக இல்லாத ஓர் எண்ணை எடுத்து, இலக்கங்களை இறங்கு வரிசையிலும் ஏறு வரிசையிலும் அடுக்கிக் கழிக்க வேண்டும். விடையை மீண்டும் அவ்வாறே செய்தால், ஏழு படிகளுக்குள் 6174 வந்து நிற்கும். மலாயா விடுதலை பெற்ற 1957ஐ எடுத்தால்: 9751 − 1579 = 8172; அடுத்து 7443, 3996, 6264, 4176, 6174.

காரணம் எளியது, அழகானது. முதல் கழித்தலின் விடை, பெரிய இலக்கத்துக்கும் சிறியதற்கும் உள்ள வேறுபாட்டையும் நடு இலக்கங்களின் வேறுபாட்டையும் மட்டுமே பொறுத்தது. ஆகவே ஆயிரக்கணக்கான எண்கள் ஒரே படியில் 54 விடைகளுக்குள் அடங்கிவிடுகின்றன. அத்தனையும் 9ஆல் வகுபடும். அந்த 54ஐ மட்டும் சோதித்தால், எல்லாம் 6174இல் முடிவதைக் காணலாம்.

மலேசிய வாகனப் பட்டைகளில் எழுத்துகளோடு பொதுவாக 1 முதல் 9999 வரையிலான எண்களே வருவதால், பிரிக்பீல்ட்ஸ் நெரிசலிலோ கிள்ளான் சாலையிலோ முன்னால் நிற்கும் காரே கணக்குக்குப் போதும். இலக்கம் குறைந்தால் முன்னே சுழியம் சேர்க்கலாம். பிள்ளைகளுக்குக் கழித்தல் பழக்க இதைவிட நல்ல பயிற்சி அரிது.

மூன்று இலக்கங்களுக்கு 495 இவ்வாறு அமைகிறது. ஐந்து இலக்கங்களுக்கு நிலை எண் இல்லை. விடைகள் சுழல்களில் சிக்குகின்றன.