பதிவேட்டில் இல்லாத வண்டி

எலிசபெத் அரசியாரின் 1953ஆம் ஆண்டு முடிசூட்டு விழாவையொட்டிப் பெயர்பெற்றது நம் குவீன்ஸ்டவுன். இவ்வட்டாரத்துப் புவன விஸ்தா நிலையத்திற்குப் பெருவிரைவு ரயிலின் வட்டப்பாதை 2011இல் வந்து சேர்ந்தது. ஓட்டுநரின்றி இயங்கும் அவ்வண்டிகள், 2016 ஆகஸ்டு இறுதி முதல் இடைவழியில் திடீர் திடீரென நிற்கலாயின. சமிக்ஞைத் தொடர்பு அறுந்தால் அவசர பிரேக் தானே இயங்குவது பாதுகாப்புக்கான ஏற்பாடு. ஆயின், தொடர்பு ஏன் அறுந்தது? பல வாரங்கள் தேடியும் பொறியாளர்க்கு விடை புலப்படவில்லை.

குவிந்து கிடக்கும் பதிவுகளைத் தோண்டி, அவற்றினுள் மறைந்துள்ள தொடர்புகளைக் காண்பதைத் தரவு அகழ்தல் என்பர். திருட்டு அட்டையைக் கண்டறிய வங்கியும், சரக்கைத் திட்டமிடக் கடையும் இதனைக் கையாள்கின்றன. வட்டப்பாதையின் சிக்கலும் அவ்வாண்டு நவம்பர் 5ஆம் நாள் அரசாங்கத் தரவு அறிவியலாளர் மூவரிடம் வந்தது.

எந்த நேரம், எந்த இடம், எந்த வண்டி எனத் தனித்தனியே எண்ணிப் பார்த்தனர், பயனில்லை. நிகழ்வுகள் நாள் முழுதும், பாதை முழுதும் சிதறிக் கிடந்தன. பின்னர் நேரத்தை ஓர் அச்சிலும் நிலையங்களை மற்றோர் அச்சிலும் வைத்துப் புள்ளியிட்டனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் மாரே தம் நூலில் பாரிஸ்–லியோன் ரயில் அட்டவணையைக் காட்டிய முறை அது. பழைய முறைதான், ஆனால் வலியது. சிதறிய புள்ளிகள் சாய்கோடுகளாகத் திரண்டன. ஒரு வண்டி நின்றால், அதன் பின்னே வரும் வண்டியும் சிறிது நேரத்தில் நின்றது. அவ்வாறாயின், இடையூறு விளைப்பது எதிர்த்திசையில் செல்லும் ஏதோ ஒரு வண்டியாதல் வேண்டும்!

இங்கேதான் வியப்பு. குற்றவாளி வண்டி தான் பாதிக்கப்படவில்லை. எனவே நின்ற வண்டிகளின் பதிவில் அதன் பெயரே இல்லை. நிலையங்களின் ஒளிப்பதிவுகளைப் பார்த்த பிறகே பிவி 46 என்னும் வண்டி அகப்பட்டது. மறுநாள் அதனை ஓட்டிச் சோதித்தபோது ஐயம் உறுதியாயிற்று. அதன் சமிக்ஞைக் கருவி பழுதுற்றிருந்தது. ஆகஸ்டு முதல் நவம்பர் வரை நிகழ்ந்தவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டவற்றை இக்கருத்தினால் விளக்க முடிந்தது. கணக்கு வழிகாட்டியது, கண்ணால் கண்டு உறுதிசெய்தவர் மனிதரே என்பதையும் மாணவர் நினைவிற்கொள்க.

இதனைப் படித்தபோது என் பள்ளியின் வருகைப் பதிவேடுகள் நினைவுக்கு வந்தன. ஓராண்டு, வெவ்வேறு வகுப்புகளைச் சேர்ந்த ஐந்து பிள்ளைகள் அடிக்கடி வரத் தவறினர். அந்தந்த வகுப்பாசிரியர் அவரவர் ஏட்டை மட்டுமே பார்த்தார். ஆண்டிறுதியில் ஏடுகளை அருகருகே வைத்தபோதுதான், ஐவரும் வராத நாள்கள் ஒன்றே எனத் தெரிந்தது. ஐவரையும் ஒரே சிற்றுந்து ஏற்றி வந்தது. அது வராத நாளில் அவர்களும் வரவில்லை. அச்சிற்றுந்து எந்த ஏட்டிலும் இல்லை. அதற்குள் நாங்கள் அப்பிள்ளைகளைத் தனித்தனியே அழைத்துக் கண்டித்து முடித்திருந்தோம்.