1954–55 என்.பி.ஏ. சீசன்

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யின் ஒன்பதாவது சீசன் இது. 1954 அக்டோபர் 30 அன்று 9 அணிகளோடு தொடங்கி, ஏப்ரல் 10 அன்று 8 அணிகளோடு முடிந்தது. சிரக்யூஸ் நேஷனல்ஸ் கோப்பையை வென்றது. பந்தைப் பெற்ற அணி 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும் என்று கணக்கு வைக்கும் ஷாட் கிளாக், அதாவது 24 விநாடிக் கடிகாரம், முதன்முதலாக இயங்கிய சீசன் என்பதால்தான் இதை இன்றும் நினைவுகூர்கிறார்கள். அந்தக் கடிகாரம் லீக்கையே காப்பாற்றியது என்பது கூடைப்பந்து வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கூற்று. அதில் பாதிதான் சரி. கடிகாரத்தோடு கூடவே, அதே சீசனில், ஃபவுல்களுக்கு ஒரு வரம்பும் வந்தது. இரண்டும் சேர்ந்துதான் ஆட்டத்தை மாற்றின. அவை காப்பாற்றியது ஆட்டத்தை. ஆட்டத்தை நடத்திய ஊர்களை அல்ல.

எதற்காக இந்த விதிகள் வந்தன என்று பார்க்க, நான்கு ஆண்டுகள் பின்னே போக வேண்டும். 1950 நவம்பர் 22 அன்று ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ் அணி, அக்காலத்தின் முன்னணி நட்சத்திரம் ஜார்ஜ் மைக்கன் ஆடிய மினியாபொலிஸ் லேக்கர்ஸை அதன் சொந்த ஊரிலேயே 19–18 என்று தோற்கடித்தது. 48 நிமிட ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து கூடையில் போட்ட கோல்கள் வெறும் எட்டு. கடைசிக் கால்பகுதியில் விழுந்த மொத்தப் புள்ளிகள் நான்கு. மைக்கனை நேருக்கு நேர் சமாளிக்க முடியாது என்று தெரிந்த பிஸ்டன்ஸ், பந்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றது. விதிப்படி அதில் குற்றம் எதுவும் இல்லை. அடுத்த ஜனவரியில் ரோசெஸ்டர் ராயல்ஸும் இண்டியானாபொலிஸ் ஒலிம்பியன்ஸும் ஆறு கூடுதல் நேரங்கள் ஆடின. அந்தக் கூடுதல் நேரங்களில் முதலில் பந்தைப் பிடித்த அணி, கடைசி ஒரு எறிதலுக்காக நிமிடக்கணக்கில் காத்து நின்றது. பார்வையாளர்கள் பார்த்தது நிற்பவர்களைத்தான். முன்னிலையில் இருக்கும் அணி பந்தை விடாது என்றால் பின்தங்கிய அணிக்கு இருக்கும் ஒரே வழி ஃபவுல் செய்வது. ஃபவுல் செய்தால் எதிராளிக்கு, தடுப்பாரின்றி எறியும் ஒரு ஃப்ரீ த்ரோ போகும், ஆனால் பந்து தன் கைக்கு வரும். அவர் போடுவது ஒரு புள்ளி, நாம் திரும்பப் போடுவது இரண்டு. கணக்கு லாபமாகவே இருந்தது. 1953 மார்ச் 21 அன்று பாஸ்டன் செல்டிக்ஸும் சிரக்யூஸும் மோதிய பிளே ஆஃப் ஆட்டத்தில் இந்தக் கணக்கு முற்றிப்போயிற்று. நான்கு கூடுதல் நேரங்களுக்குப் பின் பாஸ்டன் 111–105 என்று வென்றது. பாஸ்டனின் பாப் கூசி எடுத்த 50 புள்ளிகளில் 30 ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்று எடுத்தவை. நூற்றுக்கும் மேற்பட்ட ஃபவுல்கள் ஊதப்பட்டன. கூசியின் திறமைக்கு அது சான்றுதான். ஆனால் ஒருவர் அசையாமல் நின்று பந்தெறிவதை மற்ற ஒன்பது பேரும் வேடிக்கை பார்ப்பது அல்ல கூடைப்பந்து.

ஆக, பந்தை வைத்துக்கொண்டு நிற்பதும் ஃபவுல் செய்து பிடுங்குவதும் தனித்தனி நோய்கள் அல்ல. ஒன்று மற்றொன்றைப் பிறப்பித்தது. ஃபவுலை மட்டும் கட்டுப்படுத்த லீக் முன்பே முயன்றது; ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் ஃப்ரீ த்ரோவுக்குப் பிறகு ஜம்ப் பால் (இரு அணி வீரர்களுக்கு நடுவே பந்தை மேலே எறிவது) என்றுகூட விதி செய்து பார்த்தது. பலிக்கவில்லை. நிற்பவனை நகர்த்த வேறு வழி கொடுக்காமல் ஃபவுலுக்குத் தண்டனை கூட்டினால், நிற்பவனுக்குத்தான் அது பரிசு. இங்கேதான் சிரக்யூஸ் அணியின் உரிமையாளர் டேனி பியாசோன் வருகிறார். இத்தாலியில் பிறந்து, சிரக்யூஸில் பவுலிங் விளையாட்டுக்கூடம் நடத்திவந்தவர். அவர் சொன்ன கணக்கு இது: 48 நிமிடம் என்பது 2,880 விநாடி, இரு அணிகளும் ஓட்டமாக ஆடும் நல்ல ஆட்டத்தில் மொத்தம் 120 எறிதல்களாவது இருக்கும், வகுத்தால் 24. இந்தக் கணக்கில் அணியின் நிர்வாகி லியோ ஃபெரிஸுக்கும் பங்கு உண்டு. 1954 ஆகஸ்ட் 10 அன்று சிரக்யூஸில் ஒரு உயர்நிலைப் பள்ளி அரங்கில் மற்ற உரிமையாளர்களை உட்காரவைத்து, கடிகாரத்தோடு ஒரு ஆட்டத்தை நடத்திக் காட்டினார்கள். லீக் ஏற்றது. அதே மூச்சில் இன்னொரு விதியும் சேர்ந்தது: ஒரு கால்பகுதியில் ஓர் அணி ஆறு ஃபவுலுக்கு மேல் போனால், எதிரணிக்குக் கூடுதலாக ஒரு ஃப்ரீ த்ரோ. ஒரு புள்ளி கொடுத்து இரண்டு வாங்கும் வியாபாரம் அதோடு கட்டுபடியாகாமல் போனது.

கடிகாரத்துக்கே முழுப் பெருமையும் சேர வேண்டும் என்பவர்கள் காட்டும் எண் வலுவானது. 1953–54இல் ஓர் அணியின் சராசரி ஒரு ஆட்டத்துக்கு 79.5 புள்ளி, 1954–55இல் 93.1. ஒரே கோடை இடைவெளியில் இவ்வளவு உயர்வு தற்செயலாக வராது. ஆனால் இன்னொரு எண்ணையும் பக்கத்தில் வைக்க வேண்டும். கடிகாரம் வருவதற்கு முந்தைய சீசனிலேயே ஓர் அணி ஒரு ஆட்டத்தில் கூடையை நோக்கி எறிந்தது சராசரியாக 75 தடவை. இரு அணிக்கும் 150. பியாசோனின் 120ஐ லீக் ஏற்கெனவே தாண்டியிருந்தது. அப்படியானால் 24 விநாடி என்பது சாதாரண ஆட்டத்தை விரட்டிய சாட்டை அல்ல. அது ஒரு கீழ் எல்லை. முன்னிலையில் இருக்கும் அணி ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் செய்த தந்திரத்தைத்தான் அது வெட்டியது. அந்தத் தந்திரம் போனதும், ஃபவுல் செய்ய வேண்டிய கட்டாயம் போனது. கட்டாயம் போன பிறகும் பழக்கத்தால் ஃபவுல் செய்தவர்களை ஆறு என்ற வரம்பு நிறுத்தியது. கடிகாரம் மட்டும் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 24 விநாடிகூடக் காத்திராமல், ஒரு புள்ளி விலைக்குப் பந்தை வாங்கும் பழைய கணக்கே தொடர்ந்திருக்கும். 19–18 போன்ற ஆட்டம் ஒருமுறைதானே நடந்தது, அதை வைத்து ஒரு காலத்தையே பழிக்கலாமா என்பதும் நியாயமான கேள்வி. அந்த ஒரு ஆட்டத்தால் மட்டும் விதி மாறவில்லை. எந்த அணியும் எந்த இரவிலும் அதைத் திரும்பச் செய்யலாம் என்ற நிலைதான் கேடு.

வேகம் கூடியதால் வெற்றி தானாக வந்துவிடவில்லை என்பதையும் இந்த சீசன் காட்டியது. லீக் வரலாற்றில் சராசரி 100 புள்ளிகளைத் தாண்டிய முதல் அணி பாஸ்டன், எடுத்தது 101.4. ஆனால் அதற்குக் கிடைத்தது 36 வெற்றி, 36 தோல்வி. பிலடெல்பியாவின் நீல் ஜான்ஸ்டன் 22.7 சராசரியோடு புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்தார். அவர் அணி பிளே ஆஃபுக்கே வரவில்லை. மைக்கனின் காலத்தைக் கடிகாரம் முடித்தது என்பார்கள். அவரோ சீசன் தொடங்குமுன்பே ஓய்வு பெற்றுவிட்டார். சிரக்யூஸும் ஃபோர்ட் வெய்னும் தலா 43 வெற்றி, 29 தோல்வியோடு தத்தம் பிரிவில் முதலிடம் பெற்று, இறுதித் தொடரில் சந்தித்தன.

அந்தத் தொடரின் ஏழு ஆட்டங்களையும் உள்ளூர் அணியே வென்றது. ஐந்தாவது ஆட்டம் 74–71. கடிகாரம் இருந்தும் இறுக்கமான தடுப்பாட்டம் சாகவில்லை என்பதற்கு அது சாட்சி. ஏழாவது ஆட்டத்தில் ஃபோர்ட் வெய்ன் இரண்டாம் கால்பகுதியில் 17 புள்ளி முன்னே போனது. பழைய விதியில் அங்கேயே பந்தைப் பூட்டி வைத்திருக்கலாம். புதிய விதியில் 24 விநாடிக்கு ஒருமுறை எறிந்தே தீர வேண்டும். தவறிய ஒவ்வொரு பந்தும் சிரக்யூஸுக்கு ஒரு வாய்ப்பு. இடைவெளி சுருங்கிச் சுருங்கி, கடைசியில் சமமாயிற்று. 12 விநாடி மிச்சம் இருக்க, சிரக்யூஸின் ஜார்ஜ் கிங் ஒரு ஃப்ரீ த்ரோவைப் போட்டார்: 92–91. எதிர்ப்பக்கம் பந்தைக் கொண்டுவந்த ஃபோர்ட் வெய்னின் ஆண்டி ஃபிலிப்பிடமிருந்து அதே கிங் பந்தைத் தட்டிப் பறித்தார். ஆட்டம் முடிந்தது. சிரக்யூஸ் அணியில் ஆடிய எர்ல் லாய்டும் ஜிம் டக்கரும் என்.பி.ஏ. கோப்பை வென்ற முதல் கறுப்பின வீரர்கள்.

இத்தனைக்கும் கிளப்புகளின் கதை வேறு. பால்டிமோர் புல்லட்ஸ் 14 ஆட்டங்களில் மூன்றை மட்டுமே வென்று, நவம்பர் 27 அன்று கலைந்தது; அதன் ஆட்டங்கள் தரவரிசைக் கணக்கிலிருந்தே நீக்கப்பட்டன. இறுதித் தொடரில் ஃபோர்ட் வெய்ன் தன் உள்ளூர் ஆட்டங்களை இண்டியானாபொலிஸில் ஆடியது. சொந்த அரங்கம் ஒரு பவுலிங் போட்டிக்கு ஒப்புக்கொடுக்கப்பட்டிருந்தது. ஆட்டத்தின் தரம் உயர்ந்தால் ரசிகர் கூடுவார்கள், கூட்டம் வந்தால் அணி நிலைக்கும் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. தேசியத் தொலைக்காட்சியில் காட்டத்தக்க ஆட்டமாக அது ஆனதும் உண்மை. லீக் நீடித்ததில் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் சிறிய ஊரின் சிறிய அரங்கத்தில் எத்தனை விறுவிறுப்பான ஆட்டம் நடந்தாலும், இருக்கைகளின் எண்ணிக்கை கூடாது. 1955இல் மில்வாக்கி அணி செயின்ட் லூயிஸுக்கும், 1957இல் ஃபோர்ட் வெய்ன் டெட்ராய்டுக்கும், ரோசெஸ்டர் சின்சினாட்டிக்கும், 1960இல் மினியாபொலிஸ் லாஸ் ஏஞ்சலிஸுக்கும் போயின. அந்த சீசனை முடித்த எட்டு அணிகளில் அதே நகரில் இன்றும் இருப்பவை நியூயார்க், பாஸ்டன் என இரண்டு மட்டுமே. கடிகாரத்தைக் கொடுத்த சிரக்யூஸ் தன் அணியை 1963இல் பிலடெல்பியாவிடம் இழந்தது.