‘ஏன்’ என்ற ஒரு வரி: தோட்டத் தமிழ்ச் சொற்குறிப்புகளின் திருத்த வரலாறு

பெட்டாலிங் ஜெயா இன்று நிற்கும் நிலம் 1950களின் தொடக்கம்வரை எஃபிங்காம் தோட்டம் என்ற ரப்பர்த் தோட்டம். அத்தகைய தோட்டங்களில் வழங்கிய தமிழ்ச் சொற்களைக் கிள்ளான், காப்பார் பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டு இந்நகரில் இருந்தபடி குறித்து வருகிறேன். ஒரு சொல்லுக்கு ஒரு கோப்பு. அலங்காரமற்ற வெறும் உரைக்கோப்பு. எல்லாவற்றையும் ‘கிட்’ என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளில் வைத்திருக்கிறேன். எது மாறியது, எப்போது மாறியது என்பதை அது பிசகாமல் சொல்லும். ஏன் மாறியது என்பதை ஆய்வாளர்தான் எழுதவேண்டும். அந்த வரி இல்லாத திருத்த வரலாறு காப்புப்படியாகப் பயன்படலாம், ஆய்வுச் சான்றாகாது என்பதே என் வாதம்.

ஒரு சொல்லைப் பார்ப்போம். தோட்ட அலுவலக எழுத்தரைக் ‘கிராணி’ என்றார்கள். ‘மலாய் கெரானியிலிருந்து வந்தது’ என்று முதலில் ஒரே வரியில் முடித்திருந்தேன். யூலும் பர்னெலும் தொகுத்து 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியைப் புரட்டியபோது, வங்காளத்தில் ஆங்கில எழுத்து வேலை பார்த்தவர்களுக்கு வழங்கிய ‘கிரானி’ கண்ணில் பட்டது. பழைய வரியை அழித்து ‘இந்துஸ்தானி’ என்று எழுதினேன். சில மாதம் கழித்து அதையும் திருத்தினேன். மலாய்ச் சொல்லுக்கே இந்திய மூலம் இருக்கும்போது, நம்மவர் அதை இந்த மண்ணில் கேட்டுப் பழகினார்களா, கப்பலேறும் முன்பே அறிந்திருந்தார்களா என்பதைச் சொல்லின் வடிவம் மட்டும் காட்டிக்கொடுக்காது. இப்போது கோப்பில் இருப்பது: ‘இந்திய மூலம், வந்த வழி இரண்டும் இயலும்.’

இந்த வரியை மட்டும் படிப்பவருக்கு இது தயக்கமாகத் தோன்றும். இரண்டு முடிவுகளை எழுதிப் பார்த்துக் கைவிட்ட பிறகு வந்த நிலைப்பாடு இது என்பதைக் கூடவே வரும் மூன்று காரணக் குறிப்புகள்தாம் காட்டுகின்றன. மூன்றாம் குறிப்பு இல்லாவிட்டால், ஐந்தாண்டு கழித்து நானே அதே அகராதியைப் பார்த்து மீண்டும் ‘இந்துஸ்தானி’ என்று மாற்றிவிடுவேன்.

இது நமக்குப் புதிய பழக்கமன்று. 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் ஏடுகளை ஒப்பிட்டுப் பிரதிபேதங்களைத் திரட்டியவர். ஏடெழுதியவர் எப்போது மாற்றினார், தெரிந்து மாற்றினாரா, கண் தவறியதா என்பதை ஏடு சொல்லாது, பதிப்பாசிரியரே ஊகிக்கவேண்டும். ஊகிக்கும் அந்தச் சுமையில் பாதியை நம் காலத்துக் கருவி குறைத்திருக்கிறது. மறுபாதியும் தானே தீர்ந்துவிடும் என்று எண்ணுவதுதான் பிழை.

கருவியின் அமைப்பே இதை உணர்த்துகிறது. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் லினக்ஸ் கருநிரல் வளர்ச்சிக்காக எழுதிய கிட், ‘மாற்றம்’ என்று எதையும் அடிப்படையாகச் சேமிப்பதில்லை. ‘கமிட்’ எனப்படும் ஒவ்வொரு பதிவும் கோப்புகளின் அந்த நேரத்து முழு நிலை. அதனுடன் முந்தைய பதிவின் அடையாளம், எழுதியவர் பெயர், தேதி, ஒரு செய்தி. வேறுபாட்டைக் கேட்கும்போதுதான் இரு நிலைகளையும் ஒப்பிட்டுக் கணக்கிட்டுத் தருகிறது. மாற்றத்தை எந்நேரமும் கணக்கிட்டுவிடலாம். செய்தியை எதிலிருந்தும் கணக்கிட முடியாது.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகப் பதிவு செய்யும்படி அமைத்துவிட்டால் போதும், காரணம் எழுதுவது சிந்தனையின் ஓட்டத்தைத் தடுக்கும் என்பார்கள். தடுக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நேரத்தை மட்டுமே செய்தியாகக் கொண்ட ஆயிரம் பதிவுகளில் கிராணியின் மூன்று திருப்பங்களை யார் தேடுவது? எழுதும்போது எழுதிவிட்டு, மாலையில் சொல்வாரியாகப் பிரித்து, சொல்லுக்கு ஒரு பதிவும் ஒரு வரியும் இடுகிறேன். வேலை கால் மணி நேரம்.

தமிழில் எழுதுவோருக்கு இதற்கு முன்பே ஒரு தடை நிற்கிறது. ‘கொ’ என்ற எழுத்தின் உயிர்க்குறியை யூனிகோடில் இரண்டு வகையாகச் சேமிக்கலாம்: ஒரே குறியாக, அல்லது கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாக. இரண்டும் சமம் என்பது யூனிகோடின் விதி. திரையிலும் வேறுபாடு தெரியாது. ஆனால் கிட் ஒப்பிடுவது பைட்டுகளை. ஆகவே கண்ணுக்கு ஓரெழுத்தும் மாறாத கோப்பில் நூறு வரிகள் மாறியதாக அறிவிக்கும். பழைய கோப்புகளில் சிக்கல் இன்னும் கூடுதல். இந்நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் 1980களிலிருந்தே கணினித் தமிழுக்கு வழி திறந்தது. என் தலைமுறை இங்கே அதில்தான் தட்டச்சுப் பழகியது. அன்றைய குறியீட்டு முறைகள் பல. அவற்றுள் ஒன்றான டிஸ்கியில் ‘கெ’ என்றால் கண் காணும் வரிசைப்படி கொம்பு முன்னும் ககரம் பின்னுமாகச் சேமிக்கப்படும். யூனிகோடில் ககரம் முதலில். அக்கோப்புகளை மாற்றும் நாளில் ஒவ்வொரு வரியும் மாறும். அந்த மாற்றத்தோடு ஒரு சொற்பொருள் திருத்தத்தையும் சேர்த்துப் பதிந்தால், அத்திருத்தம் வைக்கோற்போரில் விழுந்த ஊசிதான். குறியீட்டு மாற்றம் தனிப் பதிவாக, ‘பொருள் மாறவில்லை’ என்ற செய்தியுடன் நிற்கவேண்டும். அதன்பின் ஒவ்வொரு கோப்பும் ஒரே யூனிகோடு வடிவுக்கு வந்த பிறகே பதிவாகவேண்டும்.

வரி என்ற அலகும் நம்முடையதன்று. அது நிரலாளரின் அலகு. முழுப் பத்தியையும் ஒரே வரியாக எழுதினால், ஒரு காற்புள்ளி மாறினாலும் பத்தி முழுவதும் மாறியதாகக் காட்டும். வாக்கியத்துக்கு ஒரு வரி என்று முறித்து எழுதுவதே எளிய தீர்வு.

கடைசியாக ஒன்று, எனக்கு மிகவும் கவலை தருவது. தகவல் தந்த பெரியவர் தம் பெயரை எடுத்துவிடச் சொன்னால், இன்றைய கோப்பில் அழிப்பதால் அது போய்விடாது. பழைய பதிவுகளில் அப்படியே இருக்கும். முழுமையாக நீக்க வரலாற்றையே திருப்பி எழுதவேண்டும். அப்போது அந்த இடத்திலிருந்து பின்வரும் எல்லாப் பதிவுகளின் அடையாள எண்களும் மாறி, முன்பு அவற்றைச் சுட்டிய மேற்கோள்கள் அறுந்துபோகும். அதனால் கோப்பிலும் சரி, காரண வரியிலும் சரி, ‘கிள்ளான் 7 சொன்னது’ என்பதற்கு மேல் எழுதுவதில்லை. ஏழு யார் என்பது மேசை இழுப்பறையில், பென்சிலால் எழுதிய ஒரு நோட்டில் இருக்கிறது.